கொழும்புச் சிறுவனும் கார்னெகி ஹாலும்

நம்ம திண்டிவனம் பக்கம் "ஆர்கெஸ்ட்ரா" என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. திருவிழா முடிகிற இரவு, கோயில் திடலில் மேடை போட்டு, சீரியல் பல்பு கட்டி, ஒரு கீபோர்டு, ஒரு டிரம்ஸ், இரண்டு பாடகர், ஒரு பாடகி என்று விடிய விடிய சினிமாப் பாட்டு நடக்குமே, அதுதான் ஆர்கெஸ்ட்ரா. அதேபோல "கண்டக்டர்" என்றால் விழுப்புரம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து விசில் ஊதுபவர். இந்தக் கட்டுரையில் இந்த இரண்டு சொற்களும் அடிக்கடி வரப் போகின்றன. இரண்டுமே வேறு அர்த்தத்தில்! அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலர்க் குழு நண்பர்கள் "சரித்திரக் கட்டுரை ஒன்று எழுதித் தாருங்கள்" என்று கேட்டபோது செஞ்சிக் கோட்டையைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். செஞ்சியைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் எழுத நினைத்தது ஒரு செல்லோ கலைஞரைப் பற்றி. காரணம் இருக்கிறது. நாம் படித்த காலத்தில் எந்த விழாவானாலும் சிறப்பு விருந்தினர் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "எந்த ஊரில் பிறந்தாலும் பரவாயில்லை, திறமை இருந்தால் போதும்." நாமும் கை தட்டுவோம். அந்த வாக்கியம் எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்க எனக்குக் கிடைத்த மிகச் சரியான உதாரணம், கடலுக்கு அந்தப் பக்கம், கொழும்பில் வளர்ந்த ரோஹன் டி சேரம் என்பவரின் வாழ்க்கை.

கதைக்குப் போகும் முன் கருவியைப் பார்த்துவிடலாம். (பொறியாளன் எழுதும் கட்டுரை, கொஞ்சம் அளவுகள் இருக்கத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

செல்லோ என்பது வயலின் குடும்பத்தின் மூன்றாவது அண்ணன். வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று உயரப்படி நிற்க வைத்தால் மூன்றாவதாக நிற்கும். உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் வைத்து, கீழே ஒரு இரும்பு முள்ளைத் தரையில் ஊன்றி வாசிப்பார்கள். நான்கு தந்தி. அடித் தந்தியின் ஒலி விநாடிக்கு சுமார் 65 அதிர்வு, மேல் தந்தி 220. அதாவது ஏறக்குறைய ஆண் குரல் நடமாடும் இடம். இளையராஜாவின் பின்னணி இசையில், கதாநாயகன் பேசாமல் நிற்கும்போது அடியிலிருந்து ஒரு குரல் இழுத்துக்கொண்டே வருமே, பல சமயம் அது செல்லோதான். பெயர் தெரியாமலே நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த வாத்தியம்.

வயலினைப் போலவே இதிலும் வீணைக்கு இருப்பது மாதிரி மெட்டுகள் கிடையாது. விரல் வைக்கிற இடம்தான் சுரம். தந்தியின் நீளம் சுமார் 690 மி.மீ. கணக்குப் போட்டுப் பாருங்கள். தந்தியின் தலைப்பக்கம் ஒரு அரைச் சுரத்துக்கும் அடுத்த அரைச் சுரத்துக்கும் இடைவெளி ஏறத்தாழ 39 மி.மீ. ஒரு ஸ்தாயி மேலே ஏறினால் 19 மி.மீ. இரண்டு ஸ்தாயி ஏறினால் 10 மி.மீட்டருக்கும் குறைவு. ஒரே கை, ஒரே பாட்டு, ஆனால் அளவுகோல் மாறிக்கொண்டே இருக்கிறது. மேலே ஏறும்போது கட்டைவிரலையும் தந்தி மேல் படுக்க வைத்து, அதையே நகரும் மேருவாக ஆக்கிக்கொள்வார்கள். இதைப் பத்து வயதுக்கு முன்பே கைக்குப் பழக்காவிட்டால் பின்னால் பெரும்பாடு.

இனி "கன்செர்ட்டோ". எண்பது, தொண்ணூறு பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் ஒற்றை ஆள் உட்கார்ந்து, அந்தக் கூட்டத்தோடு பேசியும் மோதியும் வாசிக்கும் நீண்ட உருப்படி. நம் கச்சேரியில் பக்கவாத்தியக்காரர்கள் முக்கியக் கலைஞரின் முகத்தைப் பார்த்து அந்த நேரத்தில் வாசிப்பார்கள். இங்கே எல்லாமே தாளில் எழுதப்பட்டது. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் மொத்தக் கூட்டமும் நிறுத்திக்கொள்ள, ஒற்றைக் கலைஞர் தனியாக வாசித்துக் காட்டுவார். அதற்குக் "கடென்ஸா" என்று பெயர். நம் தனி ஆவர்த்தனத்தைத் தலைகீழாகப் போட்ட மாதிரி!

செல்லோவுக்குக் கன்செர்ட்டோ எழுதுவதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. வயலின் எல்லோருக்கும் மேலே பறக்கும், காது தானாகப் போய்விடும். செல்லோவின் குரலோ கூட்டத்தின் நடுவில் இருக்கிறது. வயோலா, பஸூன், ஹார்ன் எல்லாம் அதே அலைவரிசையில் நடமாடுகிறவை. கொஞ்சம் அசந்தால் ஒற்றைச் செல்லோ உள்ளே மூழ்கிவிடும். பஸ் ஸ்டாண்டில் பக்கத்து ஆளிடம் பேசுவது மாதிரிதான். அதனால் இசையமைப்பாளர் செல்லோ பேசும் இடத்தில் மற்றவர்களை மெலிதாக்க வேண்டும், கண்டக்டர் அடக்கி வாசிக்கச் சொல்ல வேண்டும், வாசிப்பவருக்கும் வில்லில் வலு வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் கேட்கும்.

இங்கேதான் நம் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து செல்லோ கற்றுக்கொள்ளலாம். கன்செர்ட்டோவை வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது. பியானோக்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு ஆர்கெஸ்ட்ராவின் பகுதியைச் சுருக்கி வாசிக்கச் சொல்லிப் பழகலாம், எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் எண்பது பேருக்கு எதிரில் உட்கார்ந்து பார்க்க எண்பது பேர் வேண்டுமே! அந்த எண்பது பேர் இருக்கும் ஊர் வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் ஊர் வேண்டும். ஒத்திகையோ ஒரு சில தடவைதான், சம்பளம் ஓடுகிறதே!

ரோஹன் டி சேரம் 1939 மார்ச் 9-ம் தேதி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பிறந்தார். பெற்றோர் இலங்கையர். வளர்ந்தது கொழும்பில். வசதியான, படித்த சிங்களக் குடும்பம். அம்மா மிரியம் கண்டி நடனம் கற்றவர். மேல்தட்டுக் குடும்பப் பெண்கள் அந்த நடனத்தின் பக்கம் போகாத காலம் அது. தம்பி துருவி பின்னாளில் பெயர் பெற்ற பியானோ கலைஞர். ஆக, பியானோக்காரரைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. வீட்டிலேயே இருந்தார்.

கொழும்பில் ரோஹனுக்குச் செல்லோ கற்றுத் தந்தவர் போலந்துக்காரரான மார்ட்டின் ஹோஹர்மன். வார்சாவில் வாசித்தவர், பின்னாளில் அமெரிக்காவின் பாஸ்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவில் இடம் பிடித்தவர். இப்படி ஒருவர் அந்த நேரத்தில் கொழும்பில் இருந்தது எவ்வளவு பெரிய தற்செயல்! அவர் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. திறமையைக் கண்டுபிடிக்கவும் ஒரு ஆள் பக்கத்துத் தெருவில் இருக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் ஆசிரியர் கிடைத்தாலும் ஆர்கெஸ்ட்ரா? இன்றைய இலங்கை சிம்பனி ஆர்கெஸ்ட்ரா 1958-ல்தான் தொடங்கப்பட்டது. நம் பக்கத்திலும் நிலைமை பிரமாதம் ஒன்றும் இல்லை. மெஹ்லி மேத்தா 1935-ல் பம்பாயில் ஒரு சிம்பனி குழுவைக் கட்டினார். அவர் மகன் சுபின் மேத்தாவே 1954-ல், 18 வயதில், வியன்னாவுக்குக் கப்பல் ஏற வேண்டியிருந்தது. மதராஸில் 1893-லேயே மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் தொடங்கியிருந்தாலும் அது முதன்மையாகப் பாடகர் குழு.

ரோஹன் 1950-ல் கிளம்பினார். வயது 11. நம்மில் பலர் 17 வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்கு வந்த முதல் ராத்திரியையே இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பையன் போனது இத்தாலிக்கு, சியனாவிலும் ஃப்ளாரன்ஸிலும் கஸ்பார் கசாதோ என்ற ஸ்பெயின் நாட்டு மேதையிடம் கற்க. கசாதோ யார் என்றால், 20-ம் நூற்றாண்டுச் செல்லோவின் பிதாமகர் பாப்லோ கசால்ஸின் நேரடிச் சீடர். நம் ஊர்க் கணக்கில் சொல்வதென்றால் குரு பரம்பரை தொடங்கிவிட்டது.

1950-களின் நடுவில் ரோஹனுக்கு 'சுஜியா' பரிசு கிடைத்தது. இதன் பின்னால் ஒரு அழகான கதை. கில்லெர்மினா சுஜியா போர்ச்சுகல் நாட்டுப் பெண். பெண்கள் கால்களுக்கு நடுவில் செல்லோ வைத்து மேடையில் உட்காருவதை ஒரு மாதிரியாகப் பார்த்த காலத்தில் ஐரோப்பா முழுவதும் வாசித்துப் பெயர் வாங்கியவர். இவரும் கசால்ஸ் வழி வந்தவர்தான். 1950-ல் இறக்கும்போது, தன் ஸ்ட்ராடிவாரி செல்லோவை விற்று, அந்தப் பணத்தில் இளம் செல்லோ மாணவர்களுக்கு உதவ வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டார். பின்னாளில் உலகையே கலக்கிய ஜாக்குலின் டு ப்ரே 1956-ல், 11 வயதில், இதே உதவியைப் பெற்றவர். ஒரு வாத்தியம் விற்ற காசு. அது ஒரு லண்டன் சிறுமியையும் கொழும்புப் பையனையும் மேடை ஏற்றியது. (நம் சங்கப் பொருளாளர் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிப்பார் என்று நம்புகிறேன்.)

அந்தப் பரிசு மூலம் ரோஹன் லண்டனில் சர் ஜான் பார்பிரோலியிடம் போனார். பார்பிரோலி பெரிய கண்டக்டர். அதற்கு முன் செல்லோ வாசித்தவர். எல்கரின் புகழ்பெற்ற செல்லோ கன்செர்ட்டோ 1919-ல் முதல் முதலாக மேடையேறியபோது, ஆர்கெஸ்ட்ராவின் செல்லோ வரிசையில் உட்கார்ந்திருந்த இளைஞர் அவர். அதாவது கன்செர்ட்டோவை மூன்று பக்கத்திலிருந்தும் பார்த்தவர்: கூட்டத்தில் ஒருவராக, தனிக் கலைஞராக, கண்டக்டராக. கன்செர்ட்டோவுக்குத் தயாராகும் பையனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆசிரியர் யார்?

பிறகு போர்ட்டோ ரிக்கோ தீவில் கசால்ஸிடமே கற்றார். ஃப்ராங்கோவின் சர்வாதிகாரத்தை ஏற்க மறுத்துத் தாய்நாட்டை விட்டு வெளியேறிய கிழவர், 80 வயதை ஒட்டியவர். சீடரிடம் தொடங்கி குருவிடமே போய்ச் சேர்ந்தாயிற்று.

அடுத்த இணைப்பு, கிரேக்கக் கண்டக்டர் டிமித்ரி மித்ரோபூலோஸ். நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநராக இருந்தவர். அவர்தான் ரோஹனை அமெரிக்காவில் வாசிக்க அழைத்தார். 1960-ல் கார்னெகி ஹாலில் அந்த நிகழ்ச்சி நடந்தது. ரோஹனுக்கு 21 வயது, நம் பையன்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செய்யும் வயது.

கார்னெகி ஹாலைப் பற்றி சிவில்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1891-ல் திறந்த கட்டடம். எஃகுச் சட்டகத்தை நம்பாமல் கனத்த செங்கல் சுவர்களாலேயே எழுப்பப்பட்ட பெரிய கட்டடங்களில் கடைசிக் காலத்தியது. அந்தக் கனச் சுவர்களுக்கும் அதன் புகழ்பெற்ற ஒலித் தெளிவுக்கும் சம்பந்தம் உண்டு என்பார்கள். சுமார் 2,800 இருக்கை, மைக் இல்லாமல் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். 1960-ல் இதை இடித்துவிட்டு வேறு கட்டப் போகிறார்கள் என்ற நிலையில், வயலின் மேதை ஐசக் ஸ்டெர்ன் முன்னின்று போராட, நியூயார்க் மாநகரமே வாங்கிக் காப்பாற்றியது. நம் பையன் வாசித்தது அந்த வருடம்!

வாசித்த உருப்படி அராம் கச்சதூரியனின் செல்லோ கன்செர்ட்டோ. கச்சதூரியன் சோவியத் நாட்டில் வாழ்ந்த ஆர்மீனியர். 1946-ல் இதை எழுதினார். இரண்டே வருடத்தில், 1948-ல், சோவியத் கட்சியின் கண்டனத்துக்கு ஷோஸ்டகோவிச், புரோகோஃபியெவ் ஆகியோரோடு இவரும் ஆளானார். டுவோர்ஷாக்கோ எல்கரோ எழுதியது மாதிரி எல்லோரும் வாசிக்கும் உருப்படி அல்ல இது. முதல் மேடைக்கு வருகிற இளைஞன் ரசிகர்களுக்குப் பழகியதைக் கொடுத்துக் கைதட்டல் வாங்குவதுதான் பாதுகாப்பு. பழகாததைக் கொண்டு போவது ஒரு தைரியம். இன்னொன்றும் சொல்லலாம்: இதில் ஆர்மீனிய நாட்டுப்புறப் பாடகர்களின் இழுப்பும் நெளிவும் நிறைய. கீழ்த்திசைக் காதுக்கு அது அந்நியமாக இருக்காது. யூட்யூபில் கிடைக்கிறது. இரண்டாம் பகுதியைக் கேளுங்கள், ஏதோ ஒரு ராகத்தின் வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும்.

அன்று கண்டக்டர் மேடையில் நின்றவர் போலந்திலிருந்து வந்த ஸ்டனிஸ்லாவ் ஸ்க்ரோவசெவ்ஸ்கி. யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவும் சோவியத்தும் முறைத்துக்கொண்டிருந்த வருடம். அழைத்தவர் கிரேக்கர், எழுதியவர் ஆர்மீனியர், கோலைப் பிடித்தவர் போலந்துக்காரர், வாசித்தவர் இலங்கையர், பின்னால் உட்கார்ந்திருந்தது 1842-ல் தொடங்கிய அமெரிக்கக் குழு. அரை மணி நேரத்துக்கும் மேல் நீளும் அந்த உருப்படியில் இவர்கள் எல்லோருக்கும் பொதுவான மொழி அந்தத் தாள்தான். ரஷ்யாவில் பிறந்த செல்லோ மேதை பியாட்டிகோர்ஸ்கி ரோஹனுக்கு ஒரு வில்லைப் பரிசாகக் கொடுத்ததும் அமெரிக்கப் பயணங்களில் கிடைத்த கௌரவம். அழைத்த மித்ரோபூலோஸ் அதே வருடம் நவம்பர் 2-ம் தேதி, மிலான் நகரில் ஒத்திகை நடத்திக்கொண்டிருக்கும்போதே மேடையில் விழுந்து இறந்தார்.

ஆக, ஹோஹர்மன், கசாதோ, சுஜியாவின் செல்லோ விற்ற பணம், பார்பிரோலி, கசால்ஸ், மித்ரோபூலோஸ். இதில் எந்தக் கண்ணி அறுந்திருந்தாலும் கார்னெகி ஹால் இல்லை. இவை எல்லாவற்றுக்கும் அடியில் பதினொரு வயதுப் பையனை இத்தாலிக்கு அனுப்பும் வசதி இருந்த ஒரு குடும்பம். திறமை இருந்தால் போதும் என்று சொன்ன விருந்தினர்கள் இந்தப் பட்டியலைச் சொல்லாமல் போய்விட்டார்கள்.

அதே தீவு, அதே காலம், இன்னொரு பையனைப் பாருங்கள். வயலின் வித்வான் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். அவர் மகன் எல். சுப்ரமணியம் சிறு வயதில் மேடை ஏறியது யாழ்ப்பாணத்தில். 1958-ல் தமிழர்களுக்கு எதிரான கலவரம். குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதராஸ் வந்தது. இலங்கை சிம்பனி ஆர்கெஸ்ட்ரா தொடங்கியதும் அதே 1958 என்பதைக் கவனியுங்கள். ஒரு வருடம், ஒரு தீவு, இரண்டு செய்தி. சுப்ரமணியம் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, அமெரிக்கா போய் மேற்கத்திய இசையில் முதுகலை படித்தார். கர்நாடக வயலினுக்கு என்று கன்செர்ட்டோ எதுவும் உலகில் இருக்கவில்லை. தானே எழுதிக்கொண்டார். 1985-ல் அவருடைய வயலின் படைப்பை நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் வாசித்தது, கண்டக்டர் சுபின் மேத்தா! ரோஹனுக்குப் பின்னால் உட்கார்ந்த அதே குழு, 25 வருடம் கழித்து.

நம் மாவட்டக்காரர்களுக்கு இது எங்கோ நடந்த கதை இல்லை. மரக்காணம் ரோட்டில் கீழ்ப்புத்துப்பட்டு முகாமைத் தாண்டிப் போகாதவர் யார்? அந்த முகாமிலிருந்து வந்து என்னோடு படித்த நண்பன் ஒருவன் இருந்தான். மெஸ்ஸில் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அவன் போடும் தாளத்துக்கு எங்கள் பிளாக்கே எழுந்து ஆடும். அவன் கைக்கு என்ன வாத்தியம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதெல்லாம் நினைத்துக்கொண்டேன். இப்போது அவன் ஒரு ஏசி நிறுவனத்தில் சர்வீஸ் இன்ஜினியர். சந்தோஷமாகத்தான் இருக்கிறான்.

சரி, சென்னையில் செல்லோ என்ன ஆயிற்று? வயலின் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாலுசுவாமி தீட்சிதர் கையால் நம் இசைக்குள் வந்து, தரையில் உட்கார்ந்து, நெஞ்சிலிருந்து கணுக்காலுக்குச் சாய்ந்து, முழுக்கத் தமிழ்நாட்டுக்காரராகவே ஆகிவிட்டது. செல்லோவுக்கு அந்த யோகம் இல்லை. அதற்குச் சோறு போட்டது கோடம்பாக்கம். ரெக்கார்டிங் தியேட்டர்களில் வரிசையாக உட்கார்ந்து, காலையில் தாளைப் பார்த்து, மதியத்துக்குள் வாசித்துக் கொடுத்துவிட்டுப் போன கலைஞர்கள் எத்தனை பேர்! பார்த்தவுடன் பிழையில்லாமல் வாசிப்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் அவர்கள் யாரும் கன்செர்ட்டோவுக்குத் தயாராக வேண்டியிருக்கவில்லை. அதற்கு மேடையும் இல்லை, அழைப்பவரும் இல்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) தொகுப்பில் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன் பின்னர் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட் என்ற நால்வர் குழுவை அமைத்து, கர்நாடக கீர்த்தனைகளை மேற்கத்திய முறையில் கொடுத்தார். அதில் செல்லோ, வி.ஆர். சேகர். நாலு பேர்தான். ஆனால் சினிமாவுக்கு வெளியே செல்லோ தன் பெயரோடு உட்கார்ந்த இடம் அது.

ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியோடு சேர்ந்து 'சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா' உருவானது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாக வயலின், வயோலா, செல்லோ சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்குத் தெரிந்து இந்தக் கதையில் வசதி என்ற முதல் கண்ணியை மாற்றிப் போட முயன்ற இடம் அதுதான். மும்பையில் 2006-ல் இந்திய சிம்பனி ஆர்கெஸ்ட்ரா தொடங்கியபோதும் கலைஞர்களில் பெரும்பகுதியைக் கஜகஸ்தான் போன்ற நாடுகளிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருந்தது. 2025 மார்ச் 8-ம் தேதி இளையராஜா தன் 'வேலியண்ட்' சிம்பனியை அரங்கேற்றியது லண்டனில், வாசித்ததும் லண்டன் குழு. எண்பது பேர் கொண்ட அந்த ஊர் இன்னும் நமக்கு அங்கேதான் இருக்கிறது.

நிற்க. ரோஹன் 1960-க்குப் பிறகு என்ன செய்தார்?

கார்னெகி ஹாலில் வாசித்தவர், வாழ்நாள் முழுவதும் டுவோர்ஷாக், எல்கர் என்று ஊர் ஊராக வாசித்திருக்கலாம். அவர் அதோடு நிற்கவில்லை. 1970-களில் லண்டனில் குடியேறி, டிரினிட்டி இசைக் கல்லூரியில் கற்பித்தார். (இளையராஜா கிடாரில் தங்கப் பதக்கம் வாங்கியது இந்த டிரினிட்டியின் தேர்வில்தான்.) அந்த 70-களின் பிற்பகுதியிலிருந்து 2005 வரை அர்டிட்டி குவார்டெட்டில் செல்லோ வாசித்தார். உயிரோடு இருக்கும் இசையமைப்பாளர்கள் புதிதாக எழுதியதை, யாரும் வாசிக்க முடியாது என்று ஒதுக்கியதை எல்லாம் வாசிக்கும் குழு அது. இவருக்காக எழுதியவர்களில் ஒருவர் யானிஸ் ஸெனாகிஸ். அவரை நான் விட முடியாது, ஏனென்றால் அவர் நம்ம ஆள், சிவில் இன்ஜினியர்! ஏதென்ஸ் பாலிடெக்னிக்கில் படித்து, போர்க்காலத்தில் ஒரு கண்ணை இழந்து, பாரிஸுக்குத் தப்பி, சண்டிகரை வடிவமைத்த லெ கார்பூசியேயிடம் வேலை பார்த்தவர். 1958-ல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் ஃபிலிப்ஸ் கம்பெனிக்காக வளைந்த கான்கிரீட் கூடாரம் ஒன்று எழுந்ததே, அதன் வளைவுகளும் இவர் அதற்கு முன் எழுதிய இசையில் வயலின்கள் சரியும் கோடுகளும் ஒரே கணக்கு. ஹைபர்பாலிக் பாரபோலாய்டைப் பரீட்சைக்காக மட்டும் படித்த நமக்கு இது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

இன்னொருவர் இத்தாலியின் லூசியானோ பெரியோ. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒன்றாக 'செக்வென்ஸா' என்ற பெயரில் தனி உருப்படிகள் எழுதி வந்தவர். செல்லோவுக்கு எழுத வேண்டிய முறை வந்தபோது ரோஹனைத் தேர்ந்தெடுத்தார். இப்போது ரோஹனிடம் வேறு எந்தச் செல்லோக்காரரிடமும் இல்லாத ஒன்று இருந்தது. சிறு வயதிலேயே அவர் கண்டி மேளம் கற்றவர். இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் இரண்டு முகத்தையும் வாசிப்பது. இத்தாலியில் கிடைத்தது அல்ல அது, லண்டனிலும் கிடைத்தது அல்ல. அம்மா ஆடிய நடனத்துக்கு உரிய மேளம். பெரியோ அந்தத் தாளக் கட்டுகளை இவரிடம் கேட்டு அறிந்து தன் உருப்படிக்குள் வைத்தார். 2002-ல் ஜெர்மனியின் விட்டன் நகரில் ரோஹன் அதை முதலில் வாசித்தபோது வயது 63.

2005-ல் இலங்கை அரசு அவருக்குத் 'தேசமான்ய' பட்டம் அளித்தது. 2024 செப்டம்பர் 29-ம் தேதி, 85 வயதில், ரோஹன் டி சேரம் காலமானார்.

தம்பி தங்கைகள் ஹாஸ்டலில் நல்ல ஹெட்ஃபோனாகப் பார்த்து மாட்டிக்கொண்டு பெரியோவின் 'செக்வென்ஸா' 14-ஐப் போட்டுக் கேளுங்கள். அதில் கலைஞர் வில்லை மறந்துவிட்டுச் செல்லோவின் மரப்பெட்டியை விரலாலும் உள்ளங்கையாலும் தட்டும் இடங்கள் வருகின்றன. அறை நண்பன் திரும்பிப் பார்த்து, "எந்த ஊர் மேளம்டா இது?" என்று கேட்பான்.